சின்னக் கார் இல்லாமல் போகிறது: வாகன வரியைத் தீர்மானிப்போருக்கு ஒரு திறந்த மடல்

இலங்கையின் வாகன இறக்குமதி வரியையும் அதற்கான விதிகளையும் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு,

போன கிழமை என் கராஜுக்கு ஒரு சின்னக் கார் வந்தது. 2015 இல் இந்தியாவிலிருந்து இறங்கிய 800 சீசீ கார். ஓட்டி வந்தவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்து வைத்தியசாலையில் வேலை செய்யும் தாதி. "கால் வைக்கிற இடத்தில தண்ணி வருது அண்ணன், என்னெண்டு பாருங்க" என்றார். காரை ஜாக்கில் ஏற்றி, சாரதியின் கால்மாட்டுக் கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்குரூ டிரைவரின் பிடியால் மெல்லத் தட்டினேன். தட்டிய இடத்தில் தகடு இல்லை. துருதான் தகடு மாதிரி நின்றிருக்கிறது. அது பொலபொலவென்று உதிர, ஓட்டை வழியாக என் கராஜின் சிமெந்துத் தரை தெரிந்தது. பிரேக் மிதியிலிருந்து நாலு விரல் தள்ளித்தான் அந்த ஓட்டை. பின் சீட்டில் அவருடைய பிள்ளையின் பாடசாலைப் பை கிடந்தது.

"வெல்டிங் பண்ணித் தாறன், ஆனா இது அடுத்த மாரியைத் தாண்டாது" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்ப இதைக் குடுத்திட்டு இன்னொரு சின்னக் கார் புதுசா எடுக்க ஏலாதா அண்ணன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

நான் களுவாஞ்சிகுடியில் 27 வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி வரும் வாகனங்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதற்கு முன்னர் என் அப்பா இதே ஊரில் மொரிஸ் மைனர் ஒன்றை ஹயருக்கு ஓட்டினார். மண்முனைத் துறையில் பாலம் இல்லாமல் பாதை (வாகனம் ஏற்றும் மிதவை) ஓடிய காலம் அது. வாவியின் அக்கரையில் ஒரு பெண்ணுக்கு நோவு கண்டால், பாதை வரும்வரை இக்கரையில் காரை வைத்துக்கொண்டு அப்பா காத்திருப்பார். இப்போது பாலம் இருக்கிறது. 2014 இல் ஜப்பானின் உதவியோடு திறந்தார்கள். பாலம் வந்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் பாலத்தின் மேல் எதை ஓட்டிக்கொண்டு போவது என்பதுதான் இப்போது எங்கள் பிரச்சினை.

பொருளாதாரம் நான் படிக்கவில்லை. எந்தக் கார் எந்த வீட்டுக்கு எப்போது வந்தது, வந்த பிறகு அந்த வீட்டில் என்ன மாறியது என்பதை நேரில் பார்த்தவன்.

2015 ஜனவரியில் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் 1,000 சீசீக்குக் குறைந்த கார்களின் வரியைக் குறைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த ஒன்றிரண்டு வருடங்களை நான் மறக்க மாட்டேன். அதுவரை கார் என்றால் டாக்குத்தர் வீட்டிலும் கொந்தராத்துக்காரர் வீட்டிலும் ஊரில் இரண்டொரு போடியார் (பெரிய வயல்காரர்) வீட்டிலும் நிற்கும் சாமான். அந்த வருடங்களில் ஆசிரியர் வீட்டுக்கும், தபால் கந்தோரில் வேலை செய்பவர் வீட்டுக்கும், சந்தையில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் வீட்டுக்கும் கார் வந்தது. இருபது இலட்சத்துக்குள் புத்தம்புதுக் கார். நகையை அடகு வைத்து, சீட்டுக் காசைப் போட்டு, மிச்சத்தை லீசிங்கில் எடுத்தார்கள். எடுத்த கையோடு கோயிலுக்குக் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்துவிட்டு, நேரே என் கராஜுக்கு வந்து "இதுக்கு என்ன எண்ணெய் விடுறது" என்று கேட்டார்கள். அந்தக் குடும்பங்களின் மூன்று தலைமுறையில் அதுதான் முதல் கார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. எங்கள் பகுதியில் பெண்கள் பரவலாக ஸ்டியரிங் பிடித்தது அந்தச் சின்னக் கார்களில்தான். படுவான்கரைப் பாடசாலைகளுக்கு மாற்றலாகிப் போன ஆசிரியைகள் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து, ஒருவரின் காரில் பெற்றோல் காசைப் பங்கு போட்டுக்கொண்டு போய் வந்தார்கள். முன்பெல்லாம் காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு லீவு. பஸ் கிடைத்தாலும் இறங்கி வயல் வெளியூடாக இரண்டு மூன்று கட்டை (மைல்) நடக்க வேண்டும். சின்னக் கார் வந்த பிறகு முதல் பாடத்துக்கே வகுப்பில் நின்றார்கள். அதனால் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாட நேரத்தை எந்தத் திணைக்களம் அளந்தது?

யானையையும் சொல்லியாக வேண்டும். வெல்லாவெளிப் பக்கத்திலும் உன்னிச்சைப் பக்கத்திலும் பொழுது பட்டால் யானைப் பயம். மோட்டார் சைக்கிளில் மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு அந்த வீதியால் இரவில் வருவது என்ன என்று கொழும்பில் மேசையில் இருப்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். காரில் வந்தாலும் யானை யானைதான். ஆனால் காரில் வெளிச்சம் இருக்கிறது, கதவு இருக்கிறது, பிள்ளை மடியில் இருக்கிறது.

2019 மாரியில் ஒரு நாள் இரவு என் அம்மாவுக்கு நெஞ்சு நோவு வந்தது. மழை ஊற்றுகிறது. அம்மாவை ஆட்டோவில் இருத்தி வைக்க முடியவில்லை, படுக்க வேண்டும் என்கிறார். பக்கத்து வீட்டு ரீச்சர் தன் சின்னக் காரின் முன் சீட்டைத் தள்ளிச் சரித்துவிட்டு, "ஏத்துங்க" என்றார். இரவு உடுப்போடுதான் வந்தார். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை எங்களுக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றர். ரீச்சர்தான் ஓட்டினார், நான் பின்னால் அம்மாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த எஞ்சின் மூன்று சிலிண்டர், மழையில் வைப்பர் கிரீச்சிடும், கண்ணாடி புகை கட்டும். ஆனால் போய்ச் சேர்ந்தோம். அம்மா இன்றைக்கும் இருக்கிறார். அந்தக் காரை அதற்குப் பிறகு நான் காசு வாங்காமல்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

இப்படி எங்கள் வாழ்க்கைக்குள் வந்த காரைப் படிப்படியாக எட்டாமல் ஆக்கியவை நீங்கள் எடுத்த தீர்மானங்கள்தான். 2018 ஓகஸ்ட்டில் சின்னக் கார்களின் வரியை ஏற்றினீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே நிறுத்தினீர்கள். டொலர் இல்லை, அது விளங்கியது. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. 2022 இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது, அதுவும் கிடைக்கவில்லை. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுத் தரும் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்தீர்கள். அந்த 20 லீற்றரில் பெரிய ஜீப்காரர்கள் இரண்டு நாள் ஓடினார்கள். என் வாடிக்கையாளர்கள் சின்னக் காரில் ஒரு கிழமை முழுவதும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் போய் வந்து, சனிக்கிழமை கல்முனைச் சந்தைக்கும் போனார்கள். நாட்டுக்கு எந்தக் கார் தேவை என்பது அந்த வரிசையிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்து வருடம் காத்திருந்தோம். 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தீர்கள். திறந்த விதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்போது, 2025 இல், நீங்கள் அறிவித்த வரியை எடுத்துக் கராஜ் மேசையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,000 சீசீக்குக் குறைந்த பெற்றோல் காருக்கு உற்பத்தி வரி ஒரு சீசீக்கு 2,450 ரூபாய். ஆனால் எவ்வளவு சின்ன எஞ்சினாக இருந்தாலும் 19 இலட்சத்து 92 ஆயிரத்துக்குக் குறையக் கூடாது. ஜப்பானின் 660 சீசீ வகைக் காருக்குச் சீசீ கணக்கில் 16 இலட்சம் அளவில்தான் வரும். அது கட்டப்போவதோ கிட்டத்தட்ட 20 இலட்சம். சின்ன எஞ்சினுக்கு உரிய சலுகையை அந்தக் குறைந்தபட்சத் தொகை விழுங்கிவிடுகிறது.

அதோடு முடியவில்லை. சுங்க வரி 20 வீதம், அதன் மேல் அதில் பாதி மிகைவரி, ஆக 30 வீதம். இவை எல்லாவற்றையும் கூட்டி, அதன் மேல் வற் வரி 18 வீதம். அதாவது வரிக்கும் வரி. துறைமுகத்துக்கு வந்து சேரும்போது 20 இலட்சம் பெறுமதியான ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அது வெளியே வரும்போது 54 இலட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 100 ரூபாய்ச் சாமானுக்கு 170 ரூபாய் வரி.

சரி, இப்போது அதே 1,000 சீசீக்குள் வரும் இன்னொரு வாகனத்தைப் பாருங்கள். டொயோட்டா ரைஸ் என்ற சின்ன எஸ்.யூ.வி. எஞ்சின் 996 சீசீ, டேர்போ பூட்டியது. நல்ல வாகனம், குறை சொல்ல மாட்டேன். அதற்கு உற்பத்தி வரி ஏறத்தாழ 24 இலட்சத்து 40 ஆயிரம். சின்னக் காரை விட நாலரை இலட்சம்தான் அதிகம். அந்த வகை வாகனம் ஒன்று 45 இலட்சம் பெறுமதியோடு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு மிச்ச வரிகளையும் கூட்டினால், 100 ரூபாய்க்கு 120 ரூபாய் அளவில்தான் வரி வருகிறது. 45 இலட்சத்துச் சாமானுக்கு 120 வீதம், 20 இலட்சத்துச் சாமானுக்கு 170 வீதம். கையில் குறைவாக இருப்பவனிடம் கூடிய வீதத்தில் அறவிடுகிறீர்கள். இதை நீங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கை ஒருவர்கூடப் போட்டுப் பார்க்காமல் வர்த்தமானியில் வந்திருக்கிறது என்றால் அதுவும் பிழைதான்.

மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாவித்த கார் வரக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. பழைய இரும்பை நாட்டுக்குள் கொட்டக் கூடாது என்பது நியாயம். ஆனால் ஜப்பானில் ஐந்து வருடம் ஓடிய ஒரு சின்னக் காரின் அடியைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானதின் தகட்டில் தொழிற்சாலை மை அப்படியே இருக்கும். அந்த விதியால் தடுக்கப்படுவது அந்தக் கார். உங்கள் விதிக்குள் அகப்படாமல் வீதியில் ஓடிக்கொண்டிருப்பது தாதியின் ஓட்டைக் கார்.

தாதி கேட்டுவிட்டுப் போன பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவரையும் அவருடைய கணவரையும் கூட்டிக்கொண்டு வாகன விற்பனை நிலையங்கள் இரண்டு மூன்றுக்குப் போனோம். பெயர்கள் வேண்டாம். முதல் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்றதெல்லாம் உயரமான வாகனங்கள். "சின்னது இல்லையா தம்பி?" என்று கேட்டேன். அங்கு நின்ற பொடியன் நல்ல பொடியன், மரியாதையாகத்தான் பேசினான். "சின்னது கொண்டு வந்தா எங்களுக்கு ஒண்டும் மிஞ்சாது அண்ணன். வரியோட பாக்கும்போது சனமும் இன்னும் கொஞ்சம் போட்டுப் பெரிசா எடுப்பம் எண்டு போயிடுது" என்றான். இரண்டாவது இடத்தில் ஜப்பான் சின்னக் கார் ஒன்று நின்றது. விலை எழுபது இலட்சத்தைத் தொட்டது. தாதி அதன் கதவைத் திறந்து, உள்ளே ஏறி இருந்து, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துப் பார்த்தார். பிறகு இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவருடைய கணவர் விலை எழுதிய அட்டையைப் பார்க்கவே இல்லை.

அவருக்குக் கடன்கள் கழிந்து மாதம் கைக்கு வருவது ஐம்பதினாயிரத்துக்குச் சற்று மேல். கணவருக்கு நிலையான வருமானம் இல்லை, இரண்டு போகமும் வயல், இடையில் கூலி வேலை. இந்தப் பெண்தான் இரவுக் கடமை முடிந்து காலை ஆறு மணிக்குத் தனியே வீடு திரும்ப வேண்டும். வாகன விலையில் எத்தனை பங்கைக் கடனாகத் தரலாம் என்று மத்திய வங்கி வைத்திருக்கும் எல்லையும் பெரிய ஜீப்புக்கும் சின்னக் காருக்கும் ஒரே அளவுகோல்தான். கையில் முப்பது இலட்சம் வைத்திருப்பவருக்கு அந்த எல்லை ஒரு பொருட்டே இல்லை. மூன்று இலட்சம் வைத்திருப்பவருக்கு அது மூடிய கதவு.

இது இலங்கையில் மட்டும் நடக்கவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். உலகம் முழுக்கச் சின்னக் கார் குறைந்துகொண்டு போகிறது. 1983 இல் இந்தியாவில் வெளிவந்து எங்கள் வீதிகளிலும் ஓடிய மாருதி 800, 2014 இல் நின்றது. ஒரு இலட்சம் இந்திய ரூபாய்க் கார் என்று 2009 இல் விற்பனைக்கு வந்த நானோ பத்து வருடம்கூடத் தாக்குப் பிடிக்கவில்லை. என் கராஜின் அன்றாட விருந்தாளியான ஆல்ட்டோ 800 ஐயும் 2023 இல் நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பாவில் ஃபோர்ட் ஃபியஸ்டாவும் அதே 2023 இல் முடிந்தது. புகைக் கட்டுப்பாடு இறுகுகிறது, காற்றுப் பை முதலான பாதுகாப்புச் சாமான்கள் கட்டாயமாகின்றன. இந்தச் செலவு பெரிய காருக்கும் சின்னக் காருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய காரின் விலைக்குள் அது மறைந்துவிடும், சின்னக் காரின் விலையில் துருத்திக்கொண்டு நிற்கும். இலாபம் குறைந்த சாமானைக் கம்பனிகள் கைவிடுகின்றன.

ஆனால் மற்ற நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்கவில்லை. 2025 செப்டெம்பர் 22 முதல் இந்தியா சின்னக் கார்களின் ஜீ.எஸ்.ரி. (பொருள், சேவை) வரியை 28 வீதத்திலிருந்து 18 வீதத்துக்கு இறக்கியது. அவர்கள் சின்னக் கார் என்பதற்கு ஒழுங்கான வரைவிலக்கணம் வைத்திருக்கிறார்கள்: நீளம் 4 மீற்றருக்குள், பெற்றோல் எஞ்சின் 1,200 சீசீக்குள். ஜப்பானில் 660 சீசீ, நீளம் 3.4 மீற்றர் என்று ஒரு தனி வகுப்பே இருக்கிறது. அதற்கு வருடாந்த வரி குறைவு. அங்கு விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒரு பங்கு அளவு அந்த வகைதான். உலகத்துக்கே கார் விற்கும் பணக்கார நாடு தன் கிராமத்துச் சனத்துக்குச் சின்னக் காரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. டொலருக்கும் எண்ணெய்க்கும் தவிக்கும் நாங்கள் அதற்குத்தான் கூடிய வீதத்தில் வரி போடுகிறோம்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு ஓரளவு தெரியும். அரசுக்கு வருமானம் தேவை என்பீர்கள். தேவைதான். ஆனால் வாங்கப்படாத காரிலிருந்து வரி வராது. தாதி கார் வாங்காவிட்டால் உங்களுக்கு அவரிடமிருந்து கிடைப்பது பூச்சியம். டொலர் வெளியே போகும் என்பீர்கள். ஒரு பெரிய வாகனத்துக்குப் போகும் டொலரில் இரண்டு சின்னக் கார் வரும். பிறகு ஒவ்வொரு மாதமும் அது குடிக்கும் பெற்றோலிலும் மிச்சம்.

பாதுகாப்பு என்பீர்கள். இதில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். பழைய ஆல்ட்டோ 800 ஐ 2014 இல் மோதவிட்டுச் சோதித்தபோது ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதைத் திருத்துகிறவன் என்ற முறையில் அந்தத் தகட்டின் தடிப்பு எனக்குத் தெரியும். ஆனால் இப்போது வரும் சின்னக் கார்களில் காற்றுப் பை இருக்கிறது, தானாகப் பிரேக் பிடிப்பதுகூட இருக்கிறது. அதோடு, சின்னக் காரை விட்டால் எங்கள் சனம் ஏறப்போவது பெரிய ஜீப்பில் அல்ல. மோட்டார் சைக்கிளில். முன்னால் ஒரு பிள்ளை, நடுவில் ஒன்று, பின்னால் தாய், ஹெல்மெட் இரண்டு. அல்லது தரை உக்கிய பத்து வருடக் காரில்.

பஸ்ஸைக் கூட்டுங்கள் என்றால் இரண்டு கையாலும் வரவேற்பேன். ஆனால் இரவுக் கடமை முடிந்து வரும் தாதிக்கும், நெஞ்சு நோவு வந்த கிழவிக்கும் பஸ் நேர அட்டவணை பொருந்தாது. மின்சாரக் கார் என்றும் சொல்வார்கள். வரட்டும், சின்னதாக மலிவாக வந்தால் நானே அந்த வேலையைப் படித்துக்கொள்கிறேன். இன்றைக்குப் பாலத்துக்கு அப்பால் சார்ஜ் ஏற்ற இடம் ஒன்றையும் நான் காணவில்லை.

இதற்கிடையில் என்ன நடக்கிறது என்பதையும் கேளுங்கள். அன்றைக்கு வாங்கிய அதே சின்னக் காரை, பத்து வருடம் ஓடிய பிறகு, வாங்கிய விலையின் இரண்டு மடங்குக்கு விற்கிறார்கள். வாங்கவும் ஆள் நிற்கிறது. வாங்கியவர் காசெல்லாம் காரில் போட்டுவிடுவதால் திருத்தக் காசில்லை. "இப்போதைக்கு ஓடுற மாதிரி பண்ணித் தாங்க" என்கிறார்கள். காத்தான்குடியில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவரிடம்தான் நான் சாமான் எடுப்பது. முன்பெல்லாம் பிரேக் சூ, கிளட்ச் பிளேட் எல்லாம் அசல் எது, மலிவு எது என்று கேட்பேன். இப்போது நான் கேட்க முன்னமே மலிவை எடுத்து மேசையில் வைக்கிறார். எங்கள் ஊர் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. உப்புக்காற்று உள் தகட்டில்தான் முதலில் பிடிக்கும், வெளியே மை பளபளவென்று இருக்கும். இப்படி அடி உக்கிய கார் இந்த ஆறு மாதத்தில் மட்டும் பதினொன்று என் கராஜுக்கு வந்துவிட்டது. பதினொன்றுக்கும் தகடு வெட்டி ஒட்டியிருக்கிறேன். அதில் எனக்குக் காசு வருகிறது. வரக் கூடாத காசு அது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவைதான்.

1,000 சீசீக்குக் குறைந்த பெற்றோல் கார்களின் மேல் விழும் அந்தக் குறைந்தபட்ச உற்பத்தி வரித் தொகையை நீக்குங்கள். ஒரேயடியாக ஏலாது என்றால் 800 சீசீக்குக் குறைந்த கார்களுக்காவது முதலில் நீக்குங்கள். சின்னக் கார் என்பதற்கு எஞ்சினையும் நீளத்தையும் இறக்குமதிப் பெறுமதியையும் சேர்த்து ஒரு வரைவிலக்கணம் எழுதுங்கள். அதற்குள் அடங்குகிற காருக்கு எந்தக் காரணத்துக்காகவும் பெரிய வாகனத்தை விடக் கூடிய வீதத்தில் வரி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வரைவிலக்கணத்துக்குள் வரும் பாவித்த கார்களுக்கு மட்டும் வயதெல்லையை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக்குங்கள். பயம் என்றால் ஏற்றுமுன் அடிப்பகுதியைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள்.

குடும்பத்தின் முதல் வாகனமாகச் சின்னக் கார் வாங்குவோருக்குக் கடன் எல்லையைத் தனியாகத் தளர்த்தும்படி மத்திய வங்கியோடு பேசுங்கள். கஷ்டப் பிரதேசங்களில் வேலை செய்யும் தாதியர், ஆசிரியர், குடும்பநல மாதர்களை அந்த வரிசையில் முன்னுக்கு வையுங்கள்.

இவற்றை முடிவெடுக்க முன்னர் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் வந்து, கார் விற்பவர்களோடு மட்டும் பேசாமல், ஓட்டுபவர்களோடும் திருத்துபவர்களோடும் தமிழில் பேசுங்கள். இடம் கிடைக்காவிட்டால் என் கராஜ் இருக்கிறது, கதிரை நான் ஒழுங்கு பண்ணுவேன். அடிப்பகுதியைக் காட்டக் கார்களும் நிற்கும்.

கடைசியாக ஒன்று. அடுத்த வரவு செலவுத் திட்டம் மாரி தொடங்கும் நேரத்தில்தான் வரும். தாதியின் காருக்கு இரண்டு தகடு வைத்து ஒட்டி, அடியில் தார் மை பூசிக் கொடுத்திருக்கிறேன். அது எவ்வளவு நாள் நிற்கும் என்று அவரிடம் சொல்லியும் இருக்கிறேன். உங்கள் பதிலை அதற்கு முன்னர் எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து
கராஜ்காரர் ஒருவர்